ரியூனர் பெட்டியில் "6 முதல் 1000 ஓம்" என்று போட்டிருப்பதை எப்படி விளங்கிக்கொள்வது?

கல்லடிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) லைசன்ஸ் கிடைத்து எட்டு மாதம்தான் ஆகிறது, கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2004 சுனாமியில் போன்கள் எல்லாம் செத்தபோது அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் நடுவில் ஹாம் ரேடியோதான் செய்தி கொண்டுபோனது என்று வாசித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவன் நான். மட்டக்களப்பில் அந்தச் சுனாமி அடித்த கல்லடியில் வளர்ந்த ஒருவனுக்கு அதை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

வீடு கடற்கரையில் இருந்து இரண்டு வளவு உள்ளே. வளவில் இரண்டு தென்னை. அவற்றுக்கு நடுவில் 7.1 மெகாஹேர்ட்ஸுக்கு வெட்டிய டைப்போல் (நடுவில் கேபிள் பூட்டும் இரண்டு கம்பி அன்ரெனா), பக்கத்துக்கு 10 மீற்றர். நடுவில் இருந்து 20 மீற்றர் ஆர்ஜி 58 கேபிள் (நடுக்கம்பியைச் சுற்றிப் பின்னல் உள்ள 50 ஓம் கோஅக்ஸ்) என் அறைக்கு வருகிறது. கேபிள் ஒருவர் கழற்றிக் கொடுத்தது, புதிது இல்லை. ரேடியோ 100 வொட், உள்ளேயே ஓட்டோ ரியூனர் இருக்கிறது, அதாவது அன்ரெனாப் பக்கத்தை ரேடியோவுக்கு வேண்டிய 50 ஓமுக்கு மேட்ச் செய்யும் (பொருத்தும்) பகுதி.

7 மெகாஹேர்ட்ஸில் ரியூனரே தேவையில்லை. 21 இல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மேட்ச் ஆகிவிடுகிறது. 14 இல்தான் வில்லங்கம். கடகடவென்று அடித்துப் பார்த்துவிட்டுக் கைவிரிக்கிறது. ரியூனர் இல்லாமல் பார்த்தால் 14.1 இல் எஸ்டபிள்யூஆர் 4.6 (பொருத்தம் எவ்வளவு கெட்டது என்ற விகிதம், 1 என்றால் முழுப் பொருத்தம்). கையேட்டில் உள் ரியூனர் 16.7 முதல் 150 ஓம் வரை மேட்ச் செய்யும் என்று இருக்கிறது.

கல்முனையில் இருக்கும் நண்பர் தன்னுடைய வெளி ரியூனரை இரவல் தந்தார். அதில் 6 முதல் 1000 ஓம். அழுத்தியதும் மூன்று செக்கனில் 1.1. சந்தோசத்தில் பாலத்தடிக்குப் போய்ப் பிளேன்ரீ குடித்துவிட்டு வந்து எஃப்டி8 இல் (கம்ப்யூட்டர் வழி டிஜிட்டல் முறை) கூப்பிட்டேன். யாருமே பதில் தரவில்லை. கல்முனைக்காரரும் நானும் அதே நேரம் அதே 50 வொட்டில் அடித்துப் பார்த்தோம். அவருடையது 14 மெகாஹேர்ட்ஸுக்கென்றே வெட்டிய டைப்போல். இரண்டு பேரையும் கேட்ட நிலையங்கள் என்னை 10, 12 டெசிபெல் குறைவாகத்தான் சொல்கின்றன (10 டெசிபெல் குறைவு என்றால் பவர் பத்தில் ஒன்று). 7 இல் இரண்டு பேரும் சமம்.

என் கேள்வி: 4.6 என்றால் 50ஐ 4.6 ஆல் பெருக்கி 230 ஓம் என்று எடுக்கலாமா? 230 என்பது 1000க்குள் வசதியாகத்தானே இருக்கிறது? மேட்ச் ஆகிவிட்டது என்று பெட்டியும் சொல்கிறது. பிறகு என்ன குறை? இந்த ஓம் கணக்கு எதைச் சொல்கிறது?

(இரவில் கணக்குப் பார்க்கும்போது வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். அம்மா அடுத்த அறையில் இருந்து, "யாருக்கடா விடிய விடிய ஓம், ஓம் என்கிறாய்?" என்று கேட்கிறா.)

அக்கரை வயல் எழுதியது:

1.1 வந்துவிட்டது என்றால் பவர் முழுக்க வெளியே போகிறது என்று அர்த்தம் தம்பி. அன்று அலைப் பரவல் சரியில்லாமல் இருந்திருக்கும். இன்னொரு நாள் பாருங்கள்.

பழைய மார்க்கோனி எழுதியது:

அக்கரைக்காரர் கோபிக்கக் கூடாது. பரவல் சரியில்லை என்றால் கல்முனைக்கும் அதே பரவல்தான், நடுவில் 40 கிலோமீற்றர்கூட இல்லை. தம்பி ஒரே நேரத்தில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார், அது நல்ல வேலை. குறை அவருடைய வளவுக்குள் இருக்கிறது.

நான் கப்பலில் ரேடியோ ஒபிசராக இருந்தவன். இப்போது திருக்கோவிலில் பேரப்பிள்ளைகளுக்குக் காவல். கொஞ்சம் நீட்டி எழுதுவேன், பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள்.

முதலில் அந்த 230. எஸ்டபிள்யூஆர் 4.6 என்று மீற்றர் சொன்னால் அது 230 ஓமாக இருக்கலாம். 10.9 ஓமாகவும் இருக்கலாம், ஏனென்றால் 50ஐ 10.9 ஆல் வகுத்தாலும் 4.6தான். இரண்டுக்கும் நடுவில் தடையும் ரியாக்டன்ஸும் (கொயிலும் கெப்பாசிற்றரும் காட்டும் எதிர்ப்பு) கலந்த எண்ணிலடங்காத சோடிகள் இருக்கின்றன. அவற்றை ஒரு தாளில் குறித்தால் ஒரு வட்டம் வரும். 1939 இல் பிலிப் ஸ்மித் என்ற பொறியியலாளர் வெளியிட்ட சாட் இந்த வட்டங்களை வைத்துத்தான் வேலை செய்கிறது. எங்களுக்குக் கவராயமும் பென்சிலும் தந்து அதைத் தேயத் தேயக் கீற வைத்தார்கள். இப்போது கைக்குள் அடங்கும் கருவியே கீறித் தருகிறது.

அந்த வட்டத்தில் எந்த இடத்தில் நிற்கிறாய் என்பதைத் தீர்மானிப்பது கேபிளின் நீளம். 14.1 மெகாஹேர்ட்ஸில் ஆர்ஜி 58 இல் கால் அலைநீளம் மூன்றரை மீற்றர். உன்னுடைய கேபிளோடு இன்னொரு மூன்றரை மீற்றரைப் பொருத்தினால் 230 ஆக இருந்தது 10.9க்குப் பக்கத்தில் போய்விடும். எஸ்டபிள்யூஆர் மீற்றர் அதே 4.6ஐத்தான் காட்டும், கூடுதல் கேபிளின் இழப்பால் ஒரு சொட்டுக் குறையலாம். அன்ரெனா ஒரு அங்குலமும் அசையவில்லை, ஆனால் ரியூனர் காண்பது வேறு ஆளை. ஆகவே 16.7, 150, 6, 1000 என்ற எண்கள் எல்லாம் ரியூனரின் சொக்கற்றில் என்ன தெரிகிறது என்பதைப் பற்றியவை. தென்னையில் தொங்குவதைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை.

அடுத்தது, அந்த எண்கள் சுத்தத் தடைக்கு மட்டும் உரியவை. 16.7 முதல் 150 என்பது 3க்கு 1 வட்டத்தின் இரண்டு ஓரங்கள். 50ஐ மூன்றால் வகுத்தால் ஒன்று, பெருக்கினால் மற்றது. ரியாக்டன்ஸ் வந்து சேர்ந்தவுடன் வேலி சுருங்கும். அந்த வட்டத்துக்குள் ஆகக் கூடிய ரியாக்டன்ஸ் 66.7 ஓம், அதுவும் தடை 83 ஓமுக்குப் பக்கத்தில் இருக்கும்போதுதான். 100 ஓம் தடையும் 100 ஓம் ரியாக்டன்ஸும் உள்ள ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பார். 100 என்பது 150க்குள் இருக்கிறதே என்று தோன்றும். கணக்குப் போட்டால் எஸ்டபிள்யூஆர் 4.3. உள் ரியூனர் மாட்டேன் என்றுவிடும். அது பழுதில்லை, அதனுடைய வேலி அவ்வளவுதான்.

வெளிப் பெட்டியின் வேலி இரண்டு பக்கமும் ஒரே அளவில் இல்லை, அதையும் கவனி. மேலே 1000ஐ 50 ஆல் வகுத்தால் 20க்கு 1. கீழே 50ஐ 6 ஆல் வகுத்தால் 8க்குச் சற்றுக் கூட. விற்பவர்கள் பெரிய எண்ணைத்தான் பெட்டியில் பெரிய எழுத்தில் போடுவார்கள். எப்படியோ உன்னுடைய 4.6 வட்டம் முழுவதும் அதற்குள் விழுந்துவிடுகிறது, அதனால் அது மூன்று செக்கனில் மேட்ச் ஆனதில் ஒரு அதிசயமும் இல்லை.

என்னைத் தூங்க விடாதது வேறு ஒன்று. உன்னுடைய 4.6 எனக்கு மிகவும் நல்லதாகப் படுகிறது. சந்தேகப்பட வேண்டிய அளவுக்கு நல்லது.

7.1க்கு வெட்டிய டைப்போலை 14.1 இல் ஓட்டினால் அது முழு அலைநீளம். நடுவில் மின்னோட்டம் இல்லை, மின்னழுத்தம்தான் உச்சம். இம்பீடன்ஸ் (தடையும் ரியாக்டன்ஸும் சேர்ந்த மொத்தம்) ஆயிரக்கணக்கான ஓமில் இருக்கும். 3000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 50 ஓம் கேபிளில் அது 60க்கு 1. (21 இல் ஏன் வேலை செய்கிறது என்று கேட்பாய். அது மூன்று மடங்கு. ஒற்றைப்படை மடங்குகளில் நடுப்புள்ளி திரும்பவும் மின்னோட்ட உச்சத்துக்கு வந்துவிடும், இம்பீடன்ஸ் 100 ஓம் போல இறங்கும். இரட்டைப்படையில் வராது.)

தென்னையில் 60க்கு 1. உன் மேசையில் 4.6. நடுவில் மிச்சத்தைத் தின்றது யார்? கேபிள். போகிற அலையும் திரும்புகிற அலையும் அதற்குள் தேய்ந்து போகின்றன. திரும்பி வருவது குறைந்தால் மீற்றர் அழகான எண்ணைக் காட்டும்.

நல்ல ஆர்ஜி 58 இல் 14 மெகாஹேர்ட்ஸில் 20 மீற்றருக்கு இழப்பு ஏறக்குறைய 1.1 டெசிபெல். அது நன்றாக மேட்ச் ஆகியிருந்தால் மட்டும். 60க்கு 1 இல் அதே கேபிளில் இழப்பு 9 டெசிபெலைத் தாண்டிவிடும். 100 வொட் கொடுத்தால் 11 வொட்தான் தென்னைக்குப் போய்ச் சேரும். அப்போது மேசையில் காட்ட வேண்டிய எஸ்டபிள்யூஆர் 7. உனக்கு 4.6. ஆகவே உன்னுடைய கேபிள் சாதாரண ஆர்ஜி 58ஐ விடவும் மோசமாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பரீட்சை சுலபம். மேலே அன்ரெனாவைக் கழற்றிவிடு. கேபிளின் அந்த முனை சும்மா திறந்திருக்கட்டும். இந்த முனையில் நானோ விஎன்ஏயால் (நான் சொன்ன அந்தக் கைக்கருவி) 14.1 இல் அள. இழப்பே இல்லாத கேபிள் என்றால் எஸ்டபிள்யூஆர் முடிவிலி. 1.1 டெசிபெல் கேபிள் என்றால் 8 அளவில் காட்டும். எட்டுக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு கெட்ட கேபிள். 3 டெசிபெல் இழக்கும் கேபிள் என்றால் நுனியில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் 3தான் காட்டும். அப்படிப்பட்ட கேபிளோடு உன்னுடைய உள் ரியூனர் ஆகாயத்தையும் மேட்ச் செய்யும்.

கப்பலில் இந்தப் பிரச்சினை எங்களுக்கு வந்ததே இல்லை, கெட்டித்தனத்தால் அல்ல. 2182 கிலோஹேர்ட்ஸில் ஒரு விப் (செங்குத்துக் கோல்) அன்ரெனாவின் தடை சில ஓம்தான், அதற்கு மேல் பல நூறு ஓம் கெப்பாசிற்றிவ் ரியாக்டன்ஸ். ரியூனர் அன்ரெனாவின் அடியிலேயே தளத்தில் பூட்டியிருக்கும். அதற்கும் அன்ரெனாவுக்கும் நடுவில் கோஅக்ஸ் என்று ஒன்று இருக்காது. கோஅக்ஸ் ரேடியோ அறைக்கும் ரியூனருக்கும் நடுவில் மட்டும். அங்கே 50 ஓமுக்கு 50 ஓம், தேய்வதற்கு அதிகம் ஒன்றுமில்லை.

பிளக்கையும் பார். கல்லடியின் உப்புக் காற்றில் மதில் கேற்றின் பூட்டுக்கே வருசத்துக்கு ஒருதரம் எண்ணெய் விட வேண்டும்.

மருதமுனைத் தறி எழுதியது:

ஸலாம். மார்க்கோனி அண்ணன் சொன்னதற்கு மேல் கேபிள் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொந்தமாக ஒரு எல் நெட்வேர்க் ரியூனர் கட்டினவன், அந்த 6உம் 1000உம் எங்கிருந்து வருகின்றன என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கு அதுதான் கண் திறந்தது.

உள்ளே இருப்பது ஒரு தொடர் கொயிலும் ஒரு பக்கமாக நிலத்துக்கு இறங்கும் கெப்பாசிற்றரும்தான். ரிலேக்கள் கொயில் துண்டுகளையும் கெப்பாசிற்றர்களையும் கூட்டிக் கழிக்கின்றன, அதுதான் அந்தக் கடகட. பெரிய இம்பீடன்ஸ் என்றால் கெப்பாசிற்றர் அன்ரெனாப் பக்கம் மாறும். சின்னது என்றால் ரேடியோப் பக்கம்.

3.6 மெகாஹேர்ட்ஸில் 1000 ஓமை 50 ஆக்க வேண்டும் என்றால் 9.6 மைக்ரோஹென்றி கொயிலும் 190 பிக்கோபராட் போலவும் வேண்டும். அதே அலைவரிசையில் 6 ஓமை 50 ஆக்கக் கொயில் ஒரு மைக்ரோஹென்றியைக்கூட எட்டாது, ஆனால் கெப்பாசிற்றர் 2400 பிக்கோபராட் வேண்டும். ஆக, மேல் எல்லையைத் தீர்மானிப்பது உங்களிடம் எவ்வளவு கொயில் இருக்கிறது என்பது. கீழ் எல்லையைத் தீர்மானிப்பது எவ்வளவு கெப்பாசிற்றர் என்பது. 10 மைக்ரோஹென்றியும் 2400 பிக்கோபராட்டும் போட்டுப் பெட்டியை மூடினால் 3.6 இல் 6 முதல் 1000 என்று எழுதி விற்கலாம்!

அதே பெட்டிக்கு மேல் பாண்டுகளில் (கூடிய அலைவரிசைகளில்) வேலி இன்னும் அகலம். 7 இல் 6 ஓமுக்கு 1200 பிக்கோபராட் போதும். 1.8க்கு இறங்கினால் எதிர்மாறு, எல்லாம் இரண்டு மடங்கு வேண்டும். அதனால் ஒரே எண்ணை எல்லா பாண்டுக்கும் ஒன்றாக நம்பக் கூடாது.

இன்னொரு எல்லை நெருப்பு. 100 வொட்டை 1000 ஓமுக்குள் தள்ளினால் உச்ச மின்னழுத்தம் 447 வோல்ற். 6 ஓமுக்குள் தள்ளினால் 4 அம்பியர், 50 ஓமில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. முதலாவது கெப்பாசிற்றரைக் கொல்லும், இரண்டாவது கொயிலைச் சூடாக்கும். நான் முதல் கட்டினபோது பெட்டியில் கிடந்த சாதாரண செராமிக் கெப்பாசிற்றர்களைப் போட்டேன். சஹர் நேரத்தில் ஒன்று வெடித்து வீடு முழுக்க நாற்றம். எங்கட வீட்டுக்காரி கறி அடிப்பிடித்துவிட்டது என்று குசினிக்கு ஓடினா. பிறகு சில்வர் மைக்கா வாங்கினேன்.

ஐகொம் ஐசி 7300 போன்ற ரேடியோவில் உள் ரியூனருக்கு அவசரகால மோட் ஒன்று இருக்கிறது, 3க்கு 1ஐத் தாண்டியும் முயற்சி செய்யும். ஆனால் பவரை 50 வொட்டாகக் கட்டிவிடும். ஏன் என்று இப்போது விளங்கும். பாகங்கள் அதேதான், அவற்றில் ஏறும் வோல்ற்றையும் அம்பியரையும் குறைத்தால் கொஞ்சம் தூரம் கூடப் போகலாம்.

கையால் திருப்பும் ரி நெட்வேர்க் ரியூனர் (இரண்டு கெப்பாசிற்றர், நடுவில் ஒரு கொயில்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அதில் 1.0 காட்டும் திருப்புகள் பல இருக்கும். கெப்பாசிற்றர் இரண்டும் முடிந்தவரை கூடவும் கொயில் முடிந்தவரை குறையவும் இருக்கும் இடத்தைப் பிடியுங்கள். மற்ற இடங்களில் மேட்ச் அதே மாதிரி அழகாக இருக்கும், பெட்டி சுடும். கீழ் பாண்டில் சின்னத் தடை என்றால் இன்னும் மோசம்.

கல்லடிக்கரை எழுதியது:

மார்க்கோனி ஐயா, தறி நானா, இரண்டு பேருக்கும் நன்றி. சனிக்கிழமை தென்னைக்கு ஆள் ஏற்றினேன். தேங்காயும் பறித்தாகிவிட்டது, அதனால் அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

திறந்த முனைப் பரீட்சை: 14.1 இல் எஸ்டபிள்யூஆர் 5.0.

கணக்கைத் திரும்பப் போட்டேன். 5 என்றால் திரும்பி வருவது 3.5 டெசிபெல் குறைவு, போக வர இரண்டு தடவை என்பதால் ஒரு வழிக்கு 1.76. இருக்க வேண்டியது 1.1. மேலே 60க்கு 1 என்று வைத்து ஐயா சொன்ன மாதிரிப் பார்த்தால் மேசையில் 4.6 வருகிறது. அப்படியே! மொத்த இழப்பு 11 டெசிபெல், 100 வொட்டில் 7 வொட் மிச்சம். கல்முனைக்காரரை விட 10, 12 குறைவாகக் கேட்டதற்கும் அதற்கும் அச்சொட்டாகப் பொருந்துகிறது. அன்ரெனாவைப் பூட்டினால் 4.6, ஒன்றுமே இல்லாமல் விட்டால் 5. என் மீற்றருக்கு என் அன்ரெனா இருப்பதும் இல்லாததும் கிட்டத்தட்ட ஒன்று என்று இவ்வளவு நாளும் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

மேல் பிளக்கைச் சுற்றியிருந்த ரேப்பை உரித்தால் உள்ளே பச்சைக் களிம்பு. அரை மீற்றர் வெட்டினேன், பின்னல் கறுப்பு. இன்னொரு அரை மீற்றர் வெட்டினேன், அதுவும் கறுப்பு. இரண்டு மீற்றர் தாண்டியும் செம்பு நிறத்தைக் காணவில்லை. போன மாரியில் தண்ணீர் பின்னல் வழியாகவே இறங்கியிருக்கிறது. கேபிளை விட்டெறிந்துவிட்டேன்.

7 இல் ஏன் கல்முனைக்குச் சமமாக இருந்தேன் என்பதும் இப்போது விளங்குகிறது. அங்கே மேட்ச் நன்றாக இருந்ததால் கெட்ட கேபிளும் ஒரு டெசிபெல் சொச்சத்துக்கு மேல் தின்னவில்லை. அதைக் காதால் பிடிக்க முடியாது.

புதுக் கேபிள் போட்டாலும் 14 இல் 9 டெசிபெல் போகும் என்று ஐயா சொல்லிவிட்டார். அப்படியானால் 600 ஓம் திறந்த கம்பி லைன் (இடைவெளி விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இரண்டு கம்பி) இழுக்கலாமா? கொண்டியூட் பைப் துண்டுகளை இடையில் வைத்துக் கட்டலாம் என்று பார்த்தேன். தென்னையில் இருந்து ஜன்னலுக்கு நேராக வந்தால் 10 மீற்றர்தான். இரவல் ரியூனரை நண்பர் விற்கவும் தயாராக இருக்கிறார்.

பழைய மார்க்கோனி எழுதியது:

10 மீற்றர் வேண்டாம்! உலகத்தில் எந்த நீளமும் பரவாயில்லை, அந்த 10 மட்டும் உனக்கு வேண்டாம்.

திறந்த கம்பியில் அலை ஏறக்குறைய வெளியில் போவது போலத்தான் போகும். 7.1 இல் 10 மீற்றர் என்பது கால் அலைநீளம். மேலே 70 ஓம் இருந்தால் கீழே 600ஐ 600 ஆல் பெருக்கி 70 ஆல் வகு, 5000க்கு மேல் வரும். இப்போது ரியூனரே இல்லாமல் ஓடுகிற பாண்டைக் கெடுத்துக்கொள்வாய். 14.1 இல் அதே 10 மீற்றர் அரை அலைநீளம், மேலே உள்ள 3000 அப்படியே ஜன்னலுக்கு வந்துவிடும். இரண்டு பாண்டிலும் 1000 ஓம் வேலிக்கு வெளியே நிற்பாய்.

இழப்பு என்று பார்த்தால் திறந்த கம்பி தங்கம். அதில் எனக்கு வழக்கு இல்லை.

மருதமுனைத் தறி எழுதியது:

அண்ணன் சொல்வது சரி. 15 மீற்றராகக் கொஞ்சம் சுற்றிக் கொண்டுவந்தால் கதை மாறும். 14.1 இல் முக்கால் அலைநீளம், 3000 ஓம் 120 ஆக இறங்கிவிடும். 7.1 இல் 140 ஓம் தடையும் 580 ஓம் கெப்பாசிற்றிவ் ரியாக்டன்ஸும் வரும். எஸ்டபிள்யூஆர் கணக்குப் போட்டால் 50க்கு மேல், பெட்டியில் எழுதின 20ஐப் பார்த்தால் முடியாது என்றுதான் தோன்றும். ஆனால் பாகங்களைப் பார்த்தால் 8 மைக்ரோஹென்றியும் 25 பிக்கோபராட்டும் போதும். 10 மைக்ரோஹென்றிப் பெட்டியில் அது நடக்கும். அதே இம்பீடன்ஸ் 3.6 இல் வந்தால் 16 மைக்ரோஹென்றி கேட்கும், நடக்காது. எழுதின எண் வேலி இல்லை, வேலிக்கு ஒரு குத்துமதிப்பு.

ரியூனருக்குப் பின்னால் ஒரு பேலன் (இரட்டைக் கம்பி லைனை ஒரு பக்கம் நிலமான ரியூனரோடு சேர்க்கும் பகுதி) வேண்டும். 4க்கு 1 பேலன் போட்டால் காகிதத்தில் உங்கள் 6 முதல் 1000 என்பது 24 முதல் 4000 ஆக நகரும். மேலே இடம் கிடைக்கும், கீழே இழப்பீர்கள். ரியாக்டன்ஸ் கூடின இடத்தில் பேலன் காகிதத்தில் சொன்ன மாதிரி நடக்காது, சுடும். 1க்கு 1 சோக் பேலன்தான் என் விருப்பம்.

பழைய மார்க்கோனி எழுதியது:

இதெல்லாம் உண்மை. ஆனால் தம்பிக்கு வேண்டியது 14 மட்டும்தானே? 21 ஏற்கெனவே ஓடுகிறது. அந்த நடுப்புள்ளியிலேயே பக்கத்துக்கு 5 மீற்றர் வீதம் இன்னொரு சோடிக் கம்பி கட்டு. இருக்கிற கம்பிக்கு அரை மீற்றராவது கீழே தள்ளி, நுனியை மீன்பிடி நைலோனால் இழு. 5.2இல் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கு. ஒன்று மற்றதைக் கொஞ்சம் இழுக்கும், அதனால் 7ஐயும் திரும்பப் பார்த்துக்கொள். புதுக் கேபிள். பிளக்குக்கு மேல் சுயமாக ஒட்டும் ரப்பர் ரேப், அதற்கு மேல் சாதாரண ரேப். கேபிள் மேலே ஏறும் இடத்தில் ஒரு சொட்டுவளையம் விடு, தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டட்டும்.

ரியூனரை வாங்காதே. காசு மிச்சம்.

அக்கரை வயல் எழுதியது:

நான் பரவல் என்று சொல்லிவிட்டு ஓடிப்போனவன். இரவு என்னுடைய கேபிளையும் திறந்துவிட்டுப் பார்த்தேன். 30 மீற்றர், 14 இல் 3.4. ஒன்றும் கேட்காதீர்கள்.

கல்லடிக்கரை எழுதியது:

கட்டியாகிவிட்டது. புதுக் கேபிளைத் திறந்த முனையோடு அளந்தேன், 7.8. பிறகு 14 கம்பிகள். 5.2இல் தொடங்கி 4.96இல் நிறுத்தினேன். ரியூனர் இல்லாமல் 1.4, உள் ரியூனரை அழுத்தினால் ஒரு தட்டு. 7 இல் 30 கிலோஹேர்ட்ஸ் கீழே இறங்கியிருந்தது, நுனியை ஒரு சாண் மடித்துக் கட்டினேன்.

நேற்று இரவு கல்முனைக்காரரோடு திரும்ப ஒரே நேரத்தில் அடித்தோம். ஒரு டெசிபெல், இரண்டு டெசிபெல் வித்தியாசம். சில நிலையங்கள் என்னைத்தான் கூடச் சொல்கின்றன. அவர் அதைக் கடல் பக்கத்து வீடு என்ற ஒரே காரணத்தால் என்று சொல்கிறார், நானும் வாதாடவில்லை. ரியூனரைத் தேங்காய் நாலோடு திருப்பிக் கொடுத்தேன்.

அக்கரை அண்ணன், உங்கள் 30 மீற்றர் என்ன கேபிள்?

அக்கரை வயல் எழுதியது:

தெரியாது தம்பி. மேலே எழுதியிருந்த எழுத்தெல்லாம் வெயிலில் போய்விட்டது. வெள்ளிக்கிழமை ஆள் ஏற்றுகிறேன்.